'கொலாபொராசியோன்': ஒரு சொல்லின் வரலாறு

சொற்களின் பொருள் மாற்றத்தை மொழியியலுக்குள் மட்டும் நின்று விளக்கிவிட முடியாது என்பதற்குப் பிரெஞ்சு மொழியின் 'கொலாபொராசியோன்' தக்க சான்றாகும். 'சேர்ந்து உழைத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்த இச்சொல், நூலாக்கம் போன்ற பணிகளில் ஈடுபட்டோரின் கூட்டுழைப்பையே நெடுங்காலம் குறித்தது. 1940 ஒக்டோபர் 24இல் மொந்துவாரில் ஹிட்லரைச் சந்தித்த மார்ஷல் பெத்தான், ஆறு நாட்களின் பின் வானொலியில், ஒத்துழைப்பின் பாதையில் தாம் பிரவேசிப்பதாக அறிவித்தார். அத்துடன் சொல் கறைபட்டது.

வற்புறுத்தலுக்கு ஆட்பட்டே விஷி அரசு இணங்கிற்று என்ற வாதம் போரின் பின் நெடுநாள் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஜேர்மனிய ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு றொபேட் பக்ஸ்ரன் 1972இல் வெளியிட்ட ஆய்வு அதனைத் தகர்த்தது: ஒத்துழைப்பை நாடி நின்றது விஷியே, அதில் அதிக அக்கறை காட்டாதவர் ஹிட்லர். 1942 யூலை 16, 17ஆம் நாட்களில் பாரிசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏறத்தாழ 13,000 யூதரைக் கைதுசெய்தவர்கள் பிரெஞ்சுப் பொலிசாரே. 'ஒத்துழைப்பு' நடைமுறையில் கொண்ட பொருள் இதுவே.

விடுதலையின் பின் 'கொலாபோ' என்ற குறுக்கம் துரோகியைச் சுட்டும் வசையாயிற்று. விசித்திரம் என்னவெனில், இன்றைய பிரெஞ்சு நிறுவன நிருவாகிகள் பலர் தம் ஊழியரைக் 'கொலாபொராத்தர்' என்றே குறிப்பிடுகின்றனர். கூலி பெறுவோர் என்ற உண்மையை மறைப்பதற்கே இவ்வழக்கு என்பது எமது கருத்து. தொழிற்சட்டத்தின்படி அவர்கள் இன்றும் முதலாளியின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டவர்களே.