குரங்கணி மலையில் காணாமல் போன தண்டவாளங்கள்

போடிநாயக்கனூரில் இருந்து குரங்கணி போய், அங்கிருந்து மலையேறுகிறவர்கள் வழியில் இரண்டு விசித்திரமான பெயர்களைக் கேட்பார்கள். ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன், மற்றொன்று டாப் ஸ்டேஷன். எந்த ரயிலும் அங்கே வருவதில்லை. பிறகு ஏன் ஸ்டேஷன்?

ஒரு காலத்தில் வந்தது! 1902-ல் மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போட்டார்கள். வண்டி ஒரே தண்டவாளத்தில் ஓடும். சாய்ந்து விடாமல் இருக்க, பக்கத்தில் தரையில் உருளும் ஒரு பெரிய சக்கரம். இழுத்தது மாடுகள். 1908-ல் அதை மாற்றி, இரண்டடி அகலத்தில் சிறிய ரயில் பாதை ஆக்கினார்கள். இதுதான் குண்டளை பள்ளத்தாக்கு ரயில். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும். அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் போடவில்லை.

நான்கு வருடம் கழித்து, 1928-ல், மதுரையில் இருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. அதன் ஆயுளும் நிம்மதியாகக் கழியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இரும்பு வேண்டும் என்று இந்தியாவில் இருபதுக்கும் மேற்பட்ட கிளைப் பாதைகளைப் பெயர்த்தார்கள். பல பாதைகளின் தண்டவாளம் மத்திய கிழக்கு வரை கப்பலேறியது. போடிப் பாதையும் பெயர்க்கப்பட்டது. 1950-களின் முற்பாதியில்தான் மறுபடி போட்டார்கள். 2010 முடியும்போது அகலப்பாதை வேலைக்காக அதுவும் மூடப்பட்டது. போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூன் 15 அன்று.

இந்தக் கதையை ஒரு கணக்காகவும் பார்க்கலாம். நீண்ட காலம் உழைக்கும் பொருட்கள் எப்போது பழைய இரும்பாகத் திரும்பி வரும் என்று கணிப்பதற்கு ஒரு தனித் துறையே இருக்கிறது. அடிப்படை நம் வீட்டு வரவு-செலவு நோட்டுதான். ஒரு வருடத்தில் எவ்வளவு இரும்பு பயன்பாட்டுக்குள் வந்தது, எவ்வளவு வெளியேறியது, மீதி எவ்வளவு இருப்பு. வெளியேறுவதை யாரும் உட்கார்ந்து எண்ண முடியாது. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சராசரி ஆயுள் வைத்துக்கொள்கிறார்கள். எல்லாம் ஒரே நாளில் சாவதில்லை அல்லவா? சிலது சீக்கிரம், சிலது தாமதமாக. அந்தப் பரவலுக்கு ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் வைபுல் 1951-ல் பிரபலமாக்கிய வளைகோடு பெரும்பாலும் உதவுகிறது. அமெரிக்காவின் இரும்பு இருப்பை இப்படிக் கணக்கிட்டு யேல் பல்கலைக்கழகத்தினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் புகழ்பெற்றது.

சரி, போடிப் பாதையை அந்த வளைகோட்டில் வைத்துப் பாருங்கள். பொருந்தவே பொருந்தாது. ஒன்றை வெள்ளம் கொண்டு போனது, ஒன்றைப் போர், ஒன்றை அரசின் முடிவு. இங்கே எந்தப் பாதையும் வயதாகிச் சாகவில்லை!

உண்மையில் தண்டவாளத்துக்கு வயது என்பதே வருடத்தில் இல்லை. அதன் மேல் ஓடிய எடையில்தான் இருக்கிறது. மீட்டருக்கு 60 கிலோ உள்ள தண்டவாளம் 80 கோடி டன் தாங்கும் என்பது இந்திய ரயில்வேயின் கணக்கு. ஒரு கிளைப் பாதையில் நாளுக்கு 2,000 டன் ஓடினால் வருடத்துக்கு 7.3 லட்சம் டன். அப்படியானால் ஆயிரம் வருடத்துக்கு மேல் வரும்! (துரு அவ்வளவு காலம் விட்டு வைக்காது என்பது வேறு விஷயம்.)

இருப்பும் சும்மா இல்லை. பாதை சுமார் 90 கிலோமீட்டர். பழைய மீட்டர் கேஜ் தண்டவாளம் மீட்டருக்கு 25 கிலோ என்று வைத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 4,500 டன். இன்றைய 60 கிலோ கணக்கில் 10,800 டன். பழையதை முழுவதும் உருக்கினாலும் புதியதில் பாதி கூடத் தேறாது. "மறுசுழற்சி செய்தால் சுரங்கமே வேண்டாம்" என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இருப்பு வளர்ந்துகொண்டே இருக்கும்வரை பழையது போதாது.

பழையது எல்லாம் உலைக்கும் போவதில்லை. தென்னாட்டில் பழைய தண்டவாளம் உத்தரமாகும், வேலிக் கம்பமாகும். அது மறுபடி ஒரு ஆயுள். காட்டுக்குள் கிடக்கும் கம்பிவடத் தூணோ எந்த வேலையும் செய்வதில்லை, வெளியேறவும் இல்லை. எடுக்கும் கூலி இரும்பின் விலையைவிட அதிகம் என்றால் யார் எடுப்பார்கள்? உறங்கும் இருப்பு என்று அதைச் சொல்லலாம். கணக்கில் பழைய இரும்பு என்று எழுதிவிட்டால், வராத சரக்கை வந்ததாகக் காட்டுகிறோம் என்று அர்த்தம்.

இதே குழப்பம் இப்போது வண்டிகளுக்கு வந்திருக்கிறது. அரசு வண்டிகளுக்கு 15 வயதானால் பதிவு ரத்து என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. தனியார் வண்டிக்கு வயது அல்ல, தகுதிச் சோதனைதான் முடிவு செய்யும். போடியில் இருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்புகளில் எஞ்சின் ஒரு வண்டியுடையது, கியர்பாக்ஸ் இன்னொன்றுடையது, பாடி உள்ளூர்ப் பட்டறையில் தட்டியது. அந்த ஜீப்புக்கு என்ன வயது என்று எழுதுவது? ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வருடம் இருக்கும். இரும்பில் நாலைந்து வருடம் கலந்திருக்கும்.