பெற்றோர் வெளிநாடு செல்கிறார்களா? இன்சூரன்ஸ் எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

மகளின் பிரசவத்துக்காக உம்மா அமெரிக்கா போகிறார். மகனைப் பார்க்க வாப்பாவும் உம்மாவும் ஜெர்மனி போகிறார்கள். உம்ராவை முடித்துக்கொண்டு துருக்கியையும் பார்த்து வரலாம் என்று ஒரு குடும்பம் கிளம்புகிறது. நம் ஊர்களில் இவை இன்று சாதாரணமாகிவிட்டன. விமான டிக்கெட்டுக்கு நான்கு இடங்களில் விலை கேட்கும் நாம், இன்சூரன்ஸ் என்றதும் "விசாவுக்கு ஒண்ணு போட்டுருங்க பாய்" என்று டிராவல்ஸ்காரரிடம் சொல்லிவிடுகிறோம். அவரும் இருப்பதில் மலிவானதைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். விசாவும் கிடைத்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரியில் அது கைகொடுக்குமா என்பது வேறு கேள்வி.

வயதானவர்கள் பயணம் செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது பிரீமியத்தை அல்ல. சர்க்கரை, பிரஷர், இதய நோய் என்று ஏற்கெனவே இருக்கும் நோய்களைப் பற்றி பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். நம் நாட்டில் விற்கப்படும் பல பயண பாலிசிகள் இந்த நோய்களுக்கான சிகிச்சைச் செலவைத் தருவதில்லை. சிலவற்றில், உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள் தருவார்கள். வாய்மொழியாக "எல்லாம் கவர் ஆகும்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். பாலிசி வாசகத்தில் அந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் "ஏதேனும் நோய் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று போட்டால் பிரீமியம் குறையும். பல நேரங்களில் நம்மைக் கேட்காமலேயே ஏஜென்ட் அப்படி நிரப்பிவிடுகிறார். க்ளைம் வரும்போது கம்பெனி கேட்பது பழைய மருந்துச் சீட்டுகளையும் ஊர் டாக்டரின் குறிப்புகளையும்தான். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது அதில் தெரிந்துவிடும். க்ளைமை நிராகரிக்க அந்த ஒரு காரணம் போதும். நோயைச் சொன்னதால் பிரீமியம் சில ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.

அடுத்தது, பாலிசியின் முகப்பில் அச்சிட்டிருக்கும் பெரிய தொகை. 50,000 டாலர் என்று போட்டிருக்கும். உள்ளே புரட்டினால், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, ஐசியூ, அறுவை சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்சவரம்பு இருக்கலாம். அமெரிக்காவில் ஐசியூவில் ஒரு நாள் இருந்தாலே பல ஆயிரம் டாலர் ஆகும். வரம்புக்கு மேற்பட்ட தொகை பிள்ளைகள் தலையில்தான் விழும். அமெரிக்கா செல்பவர்கள் அங்குள்ள நிறுவனங்களின் விசிட்டர் பாலிசிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் குறிப்பிட்ட தொகை மட்டும் தருவது ஒன்று. டிடக்டபிள் எனப்படும் முதல் தொகையை நாம் கட்டிய பின், மொத்த வரம்பு வரை பில்லின் பெரும்பகுதியை ஏற்பது இன்னொன்று. முதல் வகை மலிவு. பெற்றோருக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது நமது கருத்து.

ஷெங்கன் நாடுகளுக்கு விதி தெளிவாக இருக்கிறது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஷெங்கன் நாடுகள் அனைத்திலும், தங்கும் காலம் முழுவதும் அது செல்ல வேண்டும். திரும்பும் தேதிக்கு மேல் சில நாட்கள் கூடுதலாக எடுத்துவைப்பது நல்லது. உம்ரா விசாவுடன் சவூதியே ஒரு காப்பீட்டைச் சேர்த்துத் தருகிறது. அது சவூதிக்குள் ஏற்படும் அவசரத் தேவைகளுக்கு மட்டுமே. வழியில் துபாயிலோ இஸ்தான்புல்லிலோ இறங்கித் தங்குபவர்களுக்குத் தனி பாலிசி தேவை.

பேச மனம் வராத விஷயம் ஒன்று உண்டு. பயணத்தில் மவ்த் ஏற்பட்டால் மய்யித்தை ஊருக்குக் கொண்டுவரும் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் ஒரு வரம்பு வரை ஏற்கின்றன. ஆனால் நம்மில் பலர் இறந்த ஊரிலேயே தாமதமின்றி அடக்கம் செய்யவே விரும்புவோம். "அங்கேயே அடக்கம் செய்யும் செலவும் உண்டு" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்சூரன்ஸ் எடுப்பது கூடுமா என்ற கேள்வியும் நம் வீடுகளில் எழும். மலேசியாவில் 1984-லேயே தகாஃபுல் சட்டம் வந்துவிட்டது. அங்கிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பயணிப்பவர்களுக்கு தகாஃபுல் பயணத் திட்டங்கள் கிடைக்கின்றன. விசாவுக்கே காப்பீடு கட்டாயம் என்ற நிலையில் உள்ள சட்டத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வேலைக்காக வளைகுடா செல்லும் இசிஆர் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற தனித் திட்டம் கட்டாயமாக இருக்கிறது. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது பொருந்தாது.

பாலிசி எண்ணையும் உதவி எண்ணையும் பெற்றோரின் கைப்பையில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்; போனில் மட்டும் இருந்தால் போதாது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அந்த எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும், தாமதம் கூடாது. ரசீதுகள் அனைத்தையும் வாங்கி வையுங்கள். இந்திய பாலிசியில் க்ளைமை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அதன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.