நிலவறையில் குடியிருந்தோர்

நிலவறை என்றதும் நம் நினைவுக்கு வருபவை அரண்மனைக் கதைகளின் புதையலும் சுரங்க வழியுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது ஏழைத் தொழிலாளியின் வீடு. ஆலைகளையும் துறைமுகங்களையும் நாடி வந்தோர் பெருகப் பெருக, வீட்டுக்கு அடியில் இருந்த அறைகளும் வாடகைக்கு விடப்பட்டன. லிவர்பூல் நகரில் மட்டும் 7,862 நிலவறைகளில் ஏறத்தாழ 45,000 பேர் வாழ்ந்ததாக, 1845இல் வெளிவந்த தம் நூலில் எங்கெல்ஸ் குறிக்கிறார்.

மான்செஸ்டர் நிலவறை ஒன்றைப் பற்றியும் அவர் எழுதுகிறார். அது ஆற்றுமட்டத்துக்குக் கீழே இருந்தது. துளையைக் களிமண்ணால் அடைத்தும் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. அங்குக் குடியிருந்த கைத்தறி நெசவாளர் நாள்தோறும் காலையில் அந்நீரை இறைத்துத் தெருவில் ஊற்றினார்.

ஆற்றங்கரையில் இல்லாத நிலவறைகளும் உலர்ந்திருக்கவில்லை. செங்கல் நுண்துளைகள் நிறைந்தது. விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல மண்ணின் ஈரத்தை மேலே ஈர்ப்பது. வெயிலும் காற்றும் புகாத அறையில் அவ்வீரம் உலர வழியில்லை.

1848ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இதற்கு அளவுகோல் வகுத்தது. அறை ஏழடி உயரம் இருக்கவேண்டும். அதில் மூன்றடியாவது தெருமட்டத்துக்கு மேலிருக்கவேண்டும். முன்புறத்தில் இரண்டரையடி அகலமுள்ள திறந்த பள்ளம், அறைத்தரையினும் ஆறங்குலம் தாழ்ந்து அமையவேண்டும். வடிகாலும் வேண்டும். நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்பதே அன்றைய மருத்துவர் பலரின் கருத்து. கருத்து பிழையாயினும், அதிலிருந்து பிறந்த வடிகாலும் காற்றோட்டமும் பயன்தந்தன. பின்னர், சுவரின் அடியில் கற்பலகையோ தாரோ பரப்பி ஈரத்தைத் தடுக்கும் முறையும் கட்டட விதிகளில் இடம்பெற்றது.

ஆனால் சுவரை அறிந்த சட்டம் மனிதரை அறிந்திருந்ததா? லிவர்பூலின் முதல் சுகாதார அலுவலராக மருத்துவர் டங்கன் 1847 ஜனவரியில் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பிய மக்கள் இலட்சக்கணக்கில் அங்கு வந்திறங்கினர். நிலவறைகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டதும் அக்காலத்திலேதான். எங்கே குடியிருக்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. எங்கே குடியிருக்கலாம் என்று சொல்லவில்லை. வெளியேறியவர்கள், ஏற்கெனவே நெரிசல் மிகுந்திருந்த மேல்தள அறைகளில்தான் ஒண்டவேண்டியிருந்தது.

லிவர்பூல் நகராட்சி தானே முன்வந்து தொழிலாளர்க்குக் குடியிருப்பு கட்டியது 1869இல். அறையை மூடுவதற்கும் வீடு கட்டுவதற்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. நகர வரலாறுகளில் வடிகாலைப் பற்றிய பக்கங்களைப் படிக்கும்போது, இந்த இடைவெளியையும் சேர்த்தே நாம் படிக்கவேண்டும்.