‘மறந்துடு’ன்னு சொல்லாத டாக்டர்

இன்னிக்கு எபிசோட் கொஞ்சம் கனமானது. டிராபிக்ல இருந்தீங்கன்னா, வீட்டுக்குப் போய்க் கேளுங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆபீஸ்ல ரிலீஸ் முடிச்சிட்டு நடுராத்திரி ஓஎம்ஆர்ல பைக்ல வந்துட்டிருந்தேன். எனக்கு முன்னாடி போன ஒருத்தரை லாரி ஒண்ணு இடிச்சிட்டுப் போயிடுச்சு. அவர் தலை என் மடியில இருந்தது. 108 வர்றதுக்குள்ள அவர் போயிட்டார்.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனா அப்புறம் லாரி ஹார்ன் கேட்டாலே கை நடுங்கும். தினமும் மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். ‘உனக்கா அடிபட்டுச்சு? மறந்துடுடா’ன்னு எல்லாரும் சொன்னாங்க. எட்டு மாசம் அதைத்தான் முயற்சி பண்ணேன்.

இந்த ‘உனக்கா அடிபட்டுச்சு’ங்கிற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு.

முதல் உலகப் போர். காயமே இல்லாத வீரர்கள் பேச்சு, பார்வை, ஞாபகம் இழந்து பிரான்ஸ் போர்முனையிலிருந்து வந்தார்கள். சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1915 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் இப்படி மூணு பேரைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் இருந்தது. எறிகணை பக்கத்தில் வெடித்த அதிர்ச்சி நரம்பைப் பாதித்திருக்கும் என்று பலர் நினைத்தார்கள். ஆனா எதுவும் பக்கத்துல வெடிக்காதவங்களுக்கும் அதே பிரச்சினை வந்தது. ஹார்டுவேர்ல ஃபால்ட் தேடினாங்க, கிடைக்கல. அப்போ நடிக்கிறான், கோழைன்னு பலர் முடிவு பண்ணிட்டாங்க.

தப்பியோட்டம், கோழைத்தனம் மாதிரியான குற்றங்களுக்காகச் சொந்த ராணுவமே சுட்டுக் கொன்ற 306 பேருக்கு பிரிட்டன் 2006லதான் மன்னிப்புக் கொடுத்தது. அவங்கள்ல ஷெல் ஷாக்குக்கு ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவங்களும் உண்டு.

சிகிச்சையும் சில இடங்கள்ல தண்டனை மாதிரிதான். லண்டன்ல லூயிஸ் யெல்லண்ட்னு ஒரு டாக்டர். மாசக்கணக்கா பேச்சு வராத ஒரு சிப்பாயை அறையில வச்சுப் பூட்டி, தொண்டையில மின்சாரம் பாய்ச்சினார். நாலு மணி நேரம். சிப்பாய் பேசிட்டார். அதை வெற்றிக்கதையா 1918ல புத்தகத்துலயும் போட்டார்.

அதே காலத்துல ஸ்காட்லாந்தில், எடின்பரோ பக்கத்துல கிரெய்க்லாக்ஹார்ட் என்ற ராணுவ மருத்துவமனை. அங்கேதான் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் வேலை பார்த்தார். (நம்ம ஊர் கனெக்‌ஷன்: இவர் நீலகிரிக்கு வந்து தோடர்கள் கூட இருந்து, 1906ல அவங்களைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் எழுதினவர்.) இங்கே மின்சாரம் இல்லை, உட்கார்ந்து பேசுறதுதான். ஆனா இந்த இடம் அதிகாரிகளுக்கு மட்டும், சிப்பாய்க்கு இடமில்லை. எனக்கு இது உறுத்துது.

1917 டிசம்பர்ல ரிவர்ஸ் ஒரு உரையில ரெண்டு பேரைப் பற்றிச் சொல்றார். முதல் அதிகாரி, சிதறிக் கிடந்த நண்பனின் உடலைப் பார்த்தவர். ராத்திரியானா அதே காட்சி. அவரையும் எல்லாரும் மறக்கத்தான் சொல்லியிருக்காங்க. ரிவர்ஸ் அந்தக் காட்சியையே எடுத்துப் பேசினார். உடல் அப்படிச் சிதறியிருக்குன்னா, உங்க நண்பர் அந்த நொடியிலயே இறந்திருக்கார், வலியில கிடந்து தவிக்கலன்னார். சில நாள் கழிச்சு அந்தக் கனவு திரும்ப வந்தது. ஆனா பயம் இல்லை. கனவுல நண்பன் பக்கத்துல மண்டியிட்டு, அவன் குடும்பத்துக்காகப் பொருட்களை எடுத்து வைக்கிறார். எழுந்தப்போ மிஞ்சினது துக்கம் மட்டும்தான்.

ரெண்டாவது அதிகாரி, வெடிப்புல தூக்கி வீசப்பட்டு, அழுகிய ஒரு பிணத்து மேல முகம் புதைய விழுந்தவர். அந்த நினைவுல பிடிச்சுக்க ஒரு நல்ல விஷயமும் ரிவர்ஸுக்குக் கிடைக்கல. கிராமத்துப் பக்கம் அவருக்கு முன்ன நிம்மதி கிடைச்சிருந்தது. ராணுவத்தை விட்டுட்டு அங்கேயே போங்கன்னார். முடியலன்னா முடியலன்னு எழுதி வச்சிருக்கார் பாருங்க, அதனாலதான் எனக்கு இவர் மேல நம்பிக்கை வந்தது.

ஒரு சிக்கலும் உண்டு. இவ்வளவு பரிவும் ஆளைத் தேத்தித் திரும்பப் போருக்கு அனுப்பத்தான். இவர் கவனிச்ச கவிஞர் சிக்ஃப்ரிட் சசூன் போர்முனைக்குத் திரும்பினார், 1918ல தலையில குண்டடி பட்டார். உயிர் தப்பிட்டார்.

இதைப் படிச்ச அப்புறம்தான் நான் ஒரு தெரபிஸ்ட்கிட்ட போனேன். மூணாவது செஷன்லதான் அந்த ராத்திரியைப் பத்தி வாய் வந்தது. முழுசா கேட்டுட்டு, “அவர் கூட அப்போ யார் இருந்தாங்க?”ன்னாங்க. “யாருமில்ல மேடம், நான் மட்டும்தான்”னேன். சொன்ன பிறகுதான் என் காதுலயே அது விழுந்தது. ரொம்ப நேரம் அழுதேன்.

ஹார்ன் கேட்டா இன்னும் திடுக்குன்னுதான் இருக்கு, முன்ன அளவுக்கு இல்லை. வியாழக்கிழமை செஷன் இருக்கு. தெரபிக்குக் காசு இடிச்சுதுன்னா 14416க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், அரசாங்க சேவை. இலவசம், தமிழ்லயும் பேசலாம்.

அடுத்த வாரம் வியட்நாம் போர். ஊர் திரும்பின அமெரிக்க வீரர்கள் தாங்களே கூடி உட்கார்ந்து பேச ஆரம்பிச்ச கதை, 1980ல பிடிஎஸ்டிங்கிற பெயர் மருத்துவக் கையேட்டுல ஏறின கதை.