கேத்தலிற் படிந்த சுண்ணாம்பு



நல்லூர் வீடுகளில் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்தலைத் திறந்து பார்த்தால், அதன் அடியில் வெண்மையான படிவொன்று தடித்திருக்கக் காணலாம். பழம்புளி இட்டு அதனைத் தேய்த்துக் கழற்றுவது இளமையில் எனக்கு விதிக்கப்பட்ட வேலை. அப்படிவை அன்று நான் பகையாகவே கருதினேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பெய்யும் மழை மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொண்டு சுண்ணாம்புக்கற் பாறையுள் இறங்குகின்றது. பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கல்சியத்தைச் சுமந்துகொண்டு கிணற்றை அடைகின்றது. 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றும்வரை தமிழ் மன்னரின் இராசதானியாய் விளங்கிய நல்லூரும் இந்நீரை நம்பியே வாழ்ந்தது. யமுனை நீரைக் காவடிகளிற் கொணர்வித்து யமுனா ஏரியிற் சொரிந்தான் மன்னன் என்பது மரபுரை. ஆயினும் குடிகளின் உலைக்கு வந்தது கல்லூறிய நீரே.

இந்நீரின் குணத்தை அறிய, எதிர்மாறான ஓர் ஊரைப் பார்க்கவேண்டும். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு 1859ஆம் ஆண்டு கற்றின் ஏரியிலிருந்து நீர் கொணரப்பட்டது. விக்டோரியா மகாராணியாரே அத்திட்டத்தைத் திறந்துவைத்தார். மழைநீர் போன்று மென்மையான, தூய நீர். ஆனால் வீடுகளிலோ காரீயக் குழாய்களும் காரீயம் வேய்ந்த தொட்டிகளும் இருந்தன. சுண்ணாம்பற்ற அந்நீர் காரீயத்தைக் கரைத்து, மக்களின் வயிற்றிற் சேர்த்தது. 1970களின் பிற்பகுதியிலேதான் அந்நீரிற் சுண்ணாம்பு கலக்கத் தொடங்கினர். நம் பாறை விலையின்றிச் செய்ததை அவர்கள் பணம் செலவிட்டுச் செய்யவேண்டியதாயிற்று!

குழாயின் உட்புறத்தை மூடுவதோடு கல்சியத்தின் தொழில் முடிந்துவிடவில்லை. காரீயம் நம் குடலிற் புகும்போது, கல்சியம் புகுகின்ற வழியையே பெரிதும் நாடுகின்றது. உணவிற் கல்சியம் குறைந்தவர் உடல் காரீயத்தை மிகுதியாக ஏற்கும். போதியளவு உள்ளவர் உடல் குறைவாக ஏற்கும். லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியமுள்ள நீரை நாளுக்கு 2 லீற்றர் பருகினால், வளர்ந்தோர்க்கு வேண்டிய 1000 மில்லிகிராமில் ஐந்திலொரு பங்கு நீரிலிருந்தே கிட்டும். பால் வாங்க வசதியற்ற வீட்டிற்கு இஃது அற்பமன்று.

யப்பானின் தொயாமா மாகாணத்திலே, சுரங்கக் கழிவால் யின்சு ஆற்றிற் கட்மியம் கலந்து, அந்நீர் பாய்ந்த வயலின் நெல்லிலும் ஏறியது. அச்சோற்றை உண்டவர்களின் சிறுநீரகம் கெட்டு எலும்புகள் முறிந்தன. பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் பிள்ளைகள் பல பெற்ற, வயது முதிர்ந்த பெண்கள். கல்சியமும் வைற்றமின் டீயும் குறைந்திருந்தமை அவர்களின் துன்பத்தைப் பெருக்கியது என்பர் மருத்துவர். 1968இல் அந்நாட்டு அரசு அந்நோயின் காரணத்தை ஒப்புக்கொண்டது.

நம் அடுக்களையிலும் ஆபத்து இல்லாமற் போகவில்லை. பித்தளைப் பாத்திரத்திற் புளி சேர்த்துச் சமைத்தாற் செம்பு கரையும் என்றே முன்னோர் உட்புறம் ஈயம் பூசினர். பூசவேண்டியது வெள்ளீயம், மலிவு கருதிக் காரீயம் கலந்தாற் புளி அதனையும் கரைத்துக் குழம்பிற் சேர்க்கும். இரண்டையும் ‘ஈயம்’ என்று ஒரே பெயரால் அழைக்கும் நம் வழக்கு இவ்விடத்திற் பெருங்கேடு. கிணற்று நீர் எத்துணைக் கடினமாயினும், அத்தகைய பாத்திரத்துக்கு அது மாற்றாகாது.

கடினநீர் எங்கும் நல்லது எனவும் கொள்ளலாகாது. 1990களில் அநுராதபுரப் பகுதியில் வெளிப்பட்ட, காரணம் இன்னும் துணியப்படாத சிறுநீரக நோயை ஆராய்வோருட் சிலர், அங்குள்ள நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் ஒன்றுசேர்வதையே ஐயுறுகின்றனர். நம் குடாநாட்டிலோ தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்து நைத்திரேற்று கிணறுகளில் இறங்குகின்றது. கல்சியம் அதனைத் தடுப்பதில்லை. கொதிக்கவைத்தாலும் அது நீங்குவதில்லை. கொதிக்கும்போது நீரைவிட்டுப் பிரிந்து கேத்தலிற் படிவது கல்சியத்தின் ஒரு பகுதியேயாகும்.