தமிழ் கேட்டுத் திறந்த கதவு

சென்ற வாரம் திருவாரூரில் தியாகராசரைத் தரிசித்தோம். அவருக்குரிய ஏழு விடங்கத் தலங்களில் இந்த வாரம் நாம் போவது வேதாரண்யம். நாகை மாவட்டத்தின் தெற்கே, கடலும் உப்பளமும் சூழ்ந்த ஊர். தேவாரத்தில் இதன் பெயர் திருமறைக்காடு. வேதங்களே வந்து ஈசனைப் பூசித்த காடு என்பதால் அந்தப் பெயர்.

பூசித்த வேதங்கள் போகும்போது கோயிலின் நேர்வாயிலைத் திருக்காப்பிட்டுச் சென்றன. அதன்பின் யாராலும் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை. ஊரார் பக்கத்தில் வேறு வழி வைத்துப் போய்வந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் சேர்ந்து இங்கே வந்தபோது இருந்த நிலை இதுதான் என்கிறது பெரியபுராணம். "நேர்வாயில் வழியாகவே போய்த் தொழவேண்டும், நீங்கள் பாடுங்கள் அப்பரே" என்று கேட்டுக்கொண்டார் சம்பந்தர்.

அப்பர் பாடினார். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, பத்துப் பாட்டு முடிந்தும் கதவு அசையவில்லை. உமக்கு இரக்கமே இல்லையா என்று பதினோராம் பாட்டில் நெஞ்சுருகிக் கேட்ட பிறகுதான் திறந்தது. தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் சம்பந்தர் பாட, முதல் பாட்டிலேயே கதவு மூடிக்கொண்டது. முதியவரான அப்பர் கலங்கிப்போனார். அவர் தமிழைக் கேட்கும் ஆசையில்தான் ஈசன் கதவைத் தாமதமாகத் திறந்தார் என்பது பெரியோர் சொல்லும் விளக்கம்.

அப்பரின் கலக்கம் புரியவேண்டுமானால் இதே கோயிலின் எலிக்கதையைக் கேட்கவேண்டும். சந்நிதியில் அணையும் நிலையில் ஒரு தீபம். நெய் குடிக்க வந்த எலியின் மூக்கைச் சுடர் சுட்டுவிட்டது. எலி துள்ளியதில் திரி தூண்டப்பட்டு விளக்கு நின்றெரிந்தது. தெரியாமல் செய்த அந்தத் திருப்பணிக்கு எலி பெற்ற பலன், மறுபிறவியில் மூவுலகாளும் மாவலிச் சக்கரவர்த்தி ஆனது. இந்தக் கதையைத் தம் திருக்குறுக்கைப் பதிகத்தில் பாடியிருப்பவர் அப்பரேதான். எலிக்கு அவ்வளவு வாரிக் கொடுத்த ஈசன், தம்மைப் பதினொரு பாட்டு வரை நிற்க வைத்தாரே என்று அந்த அடியார் உள்ளம் எப்படித் தவித்திருக்கும்! 'வேதாரண்யம் விளக்கழகு' என்று இன்றும் ஊர் சொல்கிறது.

அம்பாளின் பெயர் யாழைப்பழித்த மொழியாள். அவள் குரலினிமைக்கு முன் தன் இசை எடுபடாது என்று கலைமகள் வீணையைக் கீழே வைத்துவிட்டாளாம். இங்குள்ள சரஸ்வதியின் கைகளைக் கவனித்துப் பாருங்கள். வீணை இராது, சுவடிதான் இருக்கும். மூலவர் லிங்கத்துக்குப் பின்னால் சிவபார்வதியின் மணக்கோலம். அது அகத்தியருக்குக் காட்டிய திருமணக் காட்சி என்பார்கள்.

மதுரைக்கு வரவேண்டும் என்று பாண்டிய அரசி மங்கையர்க்கரசியார் விடுத்த அழைப்பு சம்பந்தரை எட்டியதும் இந்த ஊரில்தான். "நாளும் கோளும் சரியில்லை, போகவேண்டாம்" என்று தடுத்தார் அப்பர். அதற்கு விடையாகச் சம்பந்தர் பாடியதுதான் வீடுதோறும் ஒலிக்கும் கோளறு பதிகம். திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான்.

பக்கத்து அகத்தியம்பள்ளிக் கரையில் 1930 ஏப்ரல் 30 அன்று உப்புச் சத்தியாகிரகத்தில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். சத்தியாகிரகிகள் திருச்சியிலிருந்து நடந்தே வந்தவர்கள். கோயிலைப் பார்த்தவர்கள் அந்த இடத்தையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.

மாசித் திருவிழாவில் கதவை அடைத்து, தேவாரம் பாடித் திறக்கும் ஐதீக விழா ஆண்டுதோறும் நடக்கிறது. அந்த நாளில் ஒருமுறையேனும் போய் நில்லுங்கள். வேதம் பூட்டிய கதவைத் திறந்தது தமிழ் என்று ஒரு பெரும் கோயிலே ஆண்டுதோறும் சொல்கிறது. பக்கவழியில் நுழைந்துகொண்டிருந்த அடியார்களை நேர்வாயிலுக்கு அழைத்து வந்த பாட்டு அது. குழந்தைகளையும் கூட்டிப்போய், அந்த வாயில் வழியாகவே உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.

(தொடரும்)