ஐந்து ஊர் பார்த்த இந்தியன் ஓபன்

ஸ்னூக்கர் நம் மண்ணில் பிறந்த ஆட்டம். 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேசையில் சிவப்புப் பந்துகளோடு நிறப் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்த்தார். பிறகு பணி அவரை ஊட்டிக்கு அழைத்து வந்தது. 1882-ல் விதிகள் எழுதப்பட்டு ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. அப்புறம் ஆட்டம் கடல் தாண்டி இங்கிலாந்து போய் வளர்ந்தது. 1927-ல் முதல் உலக சாம்பியன்ஷிப், 1976-ல் தரவரிசை. தரவரிசைப் போட்டி ஒன்று இந்தியாவுக்கு வர 2013 அக்டோபர் ஆயிற்று. அதுதான் இந்தியன் ஓபன்.

முதல் நிறுத்தம் டெல்லி. மும்பையைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் மகுவயரை வென்று, தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதிக்கு வந்த முதல் இந்தியர் ஆனார். இறுதியில் சீனாவின் டிங் ஜுன்ஹுய் 5-0 என வென்றார். தோற்றாலும் மேத்தா அங்கே நின்றதே பெரிய விஷயம். அடுத்தது மும்பை, 2015 மார்ச்: வென்றவர் மைக்கேல் வைட். ஹைதராபாத், 2016: அந்தோணி மெக்கில். விசாகப்பட்டினம், 2017: ஜான் ஹிக்கின்ஸ். கொச்சி, 2019: மேத்யூ செல்ட். கொச்சியோடு பயணம் நின்றுவிட்டது.

இந்தப் போட்டியை ஓர் ஊரில் இறக்குவது லேசான காரியமல்ல. பன்னிரண்டு அடி நீள மேசைக்கு ஐந்து கனத்த ஸ்லேட் பலகைகள் வேண்டும். ஒன்றோடொன்று இணைத்து, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து, மேலே பச்சைக் கம்பளித் துணியை இழுத்துக் கட்டுவார்கள். துணியின் இழை ஒரே திசையில் படியும்படி துலக்கி, இஸ்திரி போடுவார்கள். இழைக்கு எதிராக மெதுவாக உருளும் பந்து லேசாகத் திசை மாறும் என்பது ஆட்டக்காரனுக்குத் தெரியும். ஈரம் ஏறினால் பந்தின் ஓட்டமே கெடும் என்பதால் பலகைக்கு அடியில் சூடேற்றும் கருவியும் உண்டு. இத்தனையும் செய்து, சில நாள் ஆடி, எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஊருக்கு மிஞ்சுவது என்ன என்பதுதான் என் கேள்வி.

இந்தியன் ஓபன் வராமலே போன ஊர் பெங்களூரு. பங்கஜ் அத்வானி, அரவிந்த் சவூரிடம் பாடம் படித்து, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களை வாங்கியது இந்த ஊரில் வளர்ந்துதான். கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கம் இருப்பதும் இங்கேதான். 2014-ல் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் இங்கே நடந்தபோது, பதினான்கே வயதான சீனச் சிறுவன் யான் பிங்தாவ் பட்டம் வென்றான். அத்வானியும் 2012 முதல் இரண்டு சீசன் தொழில்முறைச் சுற்றில் ஆடினார். ஆனால் அந்தச் சுற்றின் மையம் இங்கிலாந்து. தரவரிசை வேண்டுமென்றால் வருடத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடக்க வேண்டும்.

பெங்களூருக்குப் போகும் வழியில், ஓசூரைத் தாண்டி கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் வருவது அத்திபெலே. இந்தப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு கியூ பிடிக்க ஆசை வந்தால், நல்ல மேசையும் நல்ல ஆசானும் தேடிப் பெங்களூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அதற்கு மேல் அவன் போக வேண்டிய தூரம் இங்கிலாந்து வரைக்கும் நீள்கிறது. ஒவ்வொரு முறையும் ஊர் மாறிய போட்டி, எந்த ஊரிலும் ஆட்களை வளர்க்கும் அளவுக்குத் தங்கவில்லை. இந்தியன் ஓபன் மறுபடி வந்தால், பெங்களூரில் சில வருடமாவது நிலையாகத் தங்கட்டும். தொலைவில் ஆடிய பெரியவர்களைச் சொந்த ஊரில், கைக்கெட்டும் தூரத்தில், வருடம் தவறாமல் பார்க்கிற பிள்ளைகளிலிருந்துதான் அடுத்த மேத்தா வருவான்.